இரு தரப்புக் கம்ப்யூட்டர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நெடுங்காலமாகப் பேச்சுவார்த்தை முறிந்து கிடந்த இரு தரப்பினரும், மத்தியஸ்தரின் ஓயாத முயற்சியின் பயனாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மத்தியஸ்தர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து, குறைந்த செலவில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவது என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை ஒருமனதாக எடுத்தார்கள். பாதிச் செலவு அப்பாவுடையது. பாதிச் செலவு அம்மாவுடையது. கம்ப்யூட்டர் அவர்களுடைய பன்னிரண்டு வயது மகளுடையது.

மத்தியஸ்தர் வேறு யாருமல்ல, அம்மாவின் அண்ணன். ஒரு டயர் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் காலத்தில் அங்கே ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் நடந்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்வார். தொழிற்சாலையையே இழுத்து மூடிவிட்டதை யாரிடமும் சொல்ல மாட்டார். கல்யாண வீட்டில் இரண்டு பேர் ஒரு நாற்காலிக்கு உரசிக்கொண்டாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் போய் நிற்பார். அப்புறம் மூன்று பேர் உரசிக்கொள்வார்கள்.

அப்பா, விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், யார்மேல் தப்பு என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்ததுதான் வினை. அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். லேபிள் ஒட்டாத எதையும் நம்பாதவர். பிரிந்தபோது எது யாருடையது என்று வீட்டுப் பொருள்கள் எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டினார். மகள்மேல் மட்டும் ஒட்டவில்லை. அதனால் அவள் வாரநாள்களில் அம்மாவிடமும் விடுமுறை நாள்களில் அப்பாவிடமுமாக, பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வருடங்களாக அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசியதில்லை. எல்லாப் பேச்சும் மகள் வழியாகத்தான்.

“அம்மு, உங்கப்பாகிட்ட சொல்லு, உன் ஸ்வெட்டர் அங்கயேதான் கிடக்குன்னு.”

“பட்டு, உங்கம்மாகிட்ட சொல்லு, ஸ்வெட்டரை நான் ஒண்ணும் மென்னு தின்னுடலன்னு.”

மகள் அம்மாவிடம் போய், “அடுத்த தடவை மறக்காம தந்துவிடறேன்னு சொன்னாரு” என்பாள். அந்தப் பஸ்ஸில் அவள் ஏறும்போது ஒரு செய்தியாக இருந்தது, இறங்கும்போது வேறு செய்தியாக இருக்கும். இரு தரப்பினரும் ஓரளவு மனிதர்களாகவே ஒருவருக்கொருவர் தெரிந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். மத்தியஸ்தர் அது தன்னால் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சிறுமிக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பச் சேர்ந்து வாழ வேண்டும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை, அந்த அளவுக்கு அவள் குழந்தையில்லை. முதலில் சைக்கிள் கேட்டுப் பார்த்தாள். அம்மா வந்து சேர்வதற்குள் கடைக்காரர் ஹாண்டிலை முடுக்கி வெளியே உருட்டிவிட்டார். பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தது. இருவரும் வேறு வேறு நேரம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரு தடவை காய்ச்சல்கூட வந்தது. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அப்பா வந்தார். வாசலில் ஷிப்ட் மாறுவதுபோல் தெர்மாமீட்டர் மட்டும் கை மாறியது.

அப்புறம்தான் ஒரு வீடியோவில் பார்த்தாள். கேமிங் கம்ப்யூட்டர் துண்டு துண்டாகத்தான் வரும். வாங்கி வந்து, மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு நாள் பூராவும் ஆகும் என்றான் வீடியோக்காரன், அது ஏதோ குறைபோல. சிறுமி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள்.

ஆகவே அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க மேசையில் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

“கடைல மாட்டித் தரக் கூடாது மாமா. நாமதான் மாட்டணும். அப்பா, அம்மா, நான். மூணு பேரும்.”

“சிக்கனம்!” என்றார் மத்தியஸ்தர், கண்கலங்கி. “இந்த வயசுல கூலி மிச்சம் பிடிக்கத் தெரியுது பாரு. மாட்டறது இங்கேயே, என் மேசையில. பொது இடம்.”

“கீறல் விழுந்துச்சுன்னா பொது இடமா இருக்காது” என்றார் மத்தியஸ்தரின் மனைவியான அத்தை, சமையலறையிலிருந்து.

மத்தியஸ்தர் பாகங்களைப் பங்கு பிரித்தார். மதர்போர்டும் பவர் சப்ளையும் எல்லாவற்றையும் அடைத்து வைக்கும் கேபினட் பெட்டியும் அப்பா தரப்பு. பிராசஸரும் ராம் மெமரியும் கிராபிக்ஸ் கார்டும் அம்மா தரப்பு. ஹார்டு டிஸ்கும் கீபோர்டும் நல்லெண்ண அடிப்படையில் மத்தியஸ்தர் தரப்பு. மானிட்டர், அத்தை தூசி தட்டிக் கொடுத்த பழசு.

“எந்த மாடல்னு ரெண்டு பேர்கிட்டயும் பாப்பாவே சொல்லட்டும்” என்றார். “நீங்க கலந்து பேசினா கம்ப்யூட்டர் வராது, போலீஸ்தான் வரும்.”

ஒரு தரப்பு வாங்குவது மறு தரப்பு வாங்குவதோடு பொருந்துமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள முடியாத ஓர் ஏற்பாட்டை, உலகத்தில் வேறு எந்தக் குடும்பமும் இவ்வளவு கௌரவமாகச் செய்துகொண்டிருக்காது.

அந்தச் சனிக்கிழமை அப்பா மகளைக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் போன வருடம்வரை அதே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் செல்போன் உறை விற்றவர். இப்போது சட்டைப்பையில் ‘கேமிங் ஆலோசகர்’ என்று ஒரு அட்டை குத்தியிருந்தார்.

“பாப்பா எந்த கேம் ஆடுவீங்க?”

சிறுமி வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “எல்லாமே ஆடுவா. புதுசா எது வந்தாலும் ஓடணும். எங்க தரப்புல குறை இருக்கக் கூடாது.”

“ஓடும் சார். பறக்கும் சார்.”

அதற்குள் அப்பாவுக்குப் போன் வந்தது. எங்கோ ஒரு லாரி பள்ளத்தில் கிடந்தது. யார்மேல் தப்பு என்று சொல்வதற்காக அவர் நடைபாதைக்குப் போனார். திரும்பி வந்தபோது சிறுமி கடைக்காரரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, எந்த மதர்போர்டு வேண்டும் என்று விரலால் காட்டினாள். கேபினட் பெட்டியை மட்டும் போன் வருவதற்கு முன்பே அப்பா தானே பார்த்து எடுத்திருந்தார். பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் வண்ண வண்ணமாகச் சுழலும் விளக்கு. எது வெளியே தெரியுமோ அதில் தாராளமாக இருந்தார். பவர் சப்ளை உள்ளே இருப்பது, யார் கண்ணிலும் படாதது, ஆகவே அங்கே சிக்கனம் பிடித்தார்.

நடுவாரத்தில் ஒரு மாலை, மகள் படத்தில் காட்டிய மாடல்களைச் சீட்டில் எழுதிக்கொண்டு அம்மா தனியாகப் போனார். கிராபிக்ஸ் கார்டு அட்டைப்பெட்டியை ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு எக்ஸ்பயரி எங்க போட்டிருக்கு?”

“மேடம், இது ஊசி மருந்தில்ல.”

“தேதி போடாம எப்படி விக்கறீங்க?”

“பாப்பா என்ன கேம் ஆடுவாங்கன்னு சொன்னா...”

“படிப்பு கெடாம ஆடற கேம்” என்றார் அம்மா. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. வந்திருப்பவர் போன சனிக்கிழமை வந்தவரின் மனைவி என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. பார்த்தால் தெரிகிற மாதிரி அம்மாவிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் பழைய போர்வை விரிக்கப்பட்டது. மத்தியஸ்தர் தலைப்பக்கமாக உட்கார்ந்து, “இரு தரப்பும் நல்லெண்ணத்தோட...” என்று ஆரம்பித்தார். “ஸ்க்ரூ டிரைவர் எங்கன்னு பாருங்க முதல்ல” என்று அத்தை அவரை எழுப்பி அனுப்பினார்.

மதர்போர்டை உறையிலிருந்து எடுத்த அப்பா, அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். அவர் கண்ணாடியை மறந்துவிட்டு வருவார் என்பதை உலகத்தில் நிச்சயமாக அறிந்தவர் ஒருவர்தான், எதிரே உட்கார்ந்திருந்தார். அம்மா தன் கண்ணாடியைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். மகள் அதை அப்பாவிடம் கொடுத்தாள். ரோஸ் நிறச் சட்டம். அப்பா மாட்டிக்கொண்டு மிகவும் கம்பீரமாக நிமிர்ந்தார். அத்தை சிரிப்பை அடக்க உள்ளே போனார்.

பிராசஸர் உட்கார மறுத்தது. அப்பா மெல்ல வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், பிறகு கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

“அழுத்தாதீங்க!” என்றார் அம்மா.

அறையே நின்றுவிட்டது. இரண்டு வருடங்களில் நடுவில் ஆள் வைக்காமல் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது.

“நான் அழுத்தல.”

“அழுத்தறீங்க. எனக்குத் தெரியாதா உங்க கை?”

“வெச்சுப் பாத்தேன்.”

“கதவுப் பூட்டையும் இப்படித்தான் வெச்சுப் பாத்தீங்க.”

சிறுமி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். குறுக்கே ஒரு சொல் விழுந்தாலும் கலைந்துவிடும் என்பதுபோல.

அப்பா பிராசஸரைத் திருப்பினார். அதன் அடியில் மயிரிழை ஊசிகள். மதர்போர்டில் அது உட்கார வேண்டிய இடத்திலும் ஊசிகள். இரண்டும் வேறு வேறு கம்பெனிக்கானவை. மேலும் ஊசி, கீழும் ஊசி. எத்தனை நல்லெண்ணம் வைத்து அழுத்தினாலும் உட்காராது.

“பட்டு, இந்த போர்டுதானே சொன்ன?”

“அம்மு, இந்தப் பிராசஸர்தானே காட்டின?”

“தப்பாயிடுச்சு போல” என்றாள் சிறுமி. “போய் மாத்திட்டு வரலாம். எல்லாரும் போலாம். இல்லைன்னா திரும்பவும் தப்பாயிடும்.”

வாரக் கடைசியில் அப்பாவின் காரில் மூவரும் போனார்கள். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தார், டாக்ஸியில் போவதுபோல. கடைக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அட, நீங்க ஒரே வீடா!”

அவர் முனகிக்கொண்டே போர்டை மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவையும் எந்த போர்டு என்று விரலால் காட்டியவள் சிறுமிதான்.

அடுத்த ஞாயிறு பிராசஸர் தாழம்பூ மடலில் பூச்சி உட்கார்ந்ததுபோல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ராம் உட்காரவில்லை. ராமின் நடுவில் ஒரு வெட்டு, போர்டில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்க வேண்டும். இருந்தது, கொஞ்சம் தள்ளி. ராம் புதுத் தலைமுறை, போர்டு பழைய தலைமுறை.

“தலைமுறை இடைவெளி” என்றார் மத்தியஸ்தர். தானே சொல்லித் தானே ரசித்தார்.

“இன்னும் ஒரு வாரமா?” என்று அப்பா பெருமூச்சு விட்டார். ஆனால் எழுந்து கிளம்பவில்லை. டீ வந்தது. அம்மா தட்டிலிருந்து சர்க்கரை போடாத கோப்பையைப் பார்த்து எடுத்து அப்பாவின் பக்கம் தள்ளினார், மகள் வழியாக இல்லாமல், மேசைமேலேயே நேராக. பிறகு தன் கை செய்த காரியத்தைத் தானே பார்த்துத் திடுக்கிட்டவர்போல் பிஸ்கட்டை அடுக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது முறை அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அப்பாவின் சட்டைப்பையில் அவருடைய சொந்தக் கண்ணாடி இருந்ததைச் சிறுமி பார்த்தாள். இருந்தும் அவர் கையை நீட்டினார், ரோஸ் கண்ணாடி நேரே அவர் கைக்கு வந்தது. சிறுமி தலையைக் குனிந்து திருகாணிகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தாள். வாழ்க்கையில் அவள் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. மாற்றி வந்த ராம் உட்கார்ந்துவிட்டது, மிச்சமிருந்தது கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான். இதுவும் இடிக்கும், இன்னொரு வாரம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பொருந்தாமல் போக வேறு பாகம் இல்லை.

கிராபிக்ஸ் கார்டு பெட்டியைவிட நீளமாக இருந்தது. சுழலும் விளக்கு இருந்த முன்பக்கத்தில் இடித்துக்கொண்டு, இரண்டு விரல் அகலம் இடம் போதாமல் நின்றது.

அப்பா எழுந்தார். நசுங்கிய காரைச் சுற்றி வருவதுபோல் மேசையைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

“இது கடைக்காரன் வேலை” என்றார். “மூணு தடவை தப்பு தானா நடக்காது. வேணும்னே தள்ளியிருக்கான், நாம திரும்பத் திரும்ப வரணும்னு.”

காரணத்தை அவர் மிகச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார், ஆளைத்தான் மாற்றிப் பிடித்தார்.

“விடக் கூடாது” என்றார் அம்மா. “இப்பவே போலாம்.”

“வேண்டாம்மா” என்றாள் சிறுமி. “நான் இன்னொரு பெட்டி பாத்து வெச்சிருக்கேன். அடுத்த வாரம்...”

“நீ சும்மா இரு அம்மு. சின்னப் பிள்ளைன்னு உன்னை ஏமாத்தியிருக்கான்.”

காரில் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தார், கோபத்தில். கடைவரைக்கும் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள், யார் முதலில் ஆரம்பிப்பது, எதைச் சொல்வது, எதை விடுவது என்று. பின்சீட்டில் சிறுமி, அவர்களுடைய இரண்டு தலைகளும் ஒரே பக்கமாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடையில் கூட்டம். அப்பா கார்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். “கன்ஸ்யூமர் கோர்ட்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா உங்களுக்கு? தப்பு யார்மேலன்னு எழுதறதுதான் என் வேலை.”

“சார், நான் கேட்டதைத்தானே குடுத்தேன்.”

“அவர் சொல்றது சரி” என்றார் அம்மா. “நீங்க தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க.”

அவர் சொல்றது சரி. தன் அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று சிறுமி கனவிலும் நினைத்ததில்லை. இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். அதே நேரத்தில் அவள் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. கடைக்காரருக்கு அது கண்ணில் படவில்லை. வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள், அவருக்கு மானம் போய்க்கொண்டிருந்தது.

“என்மேல பழி போடாதீங்க சார். எல்லாம் உங்க பொண்ணு கேட்டுக் கேட்டு வாங்கினது. முதல் நாளே, நீங்க வெளிய போன்ல இருந்தப்போ, இங்கதான் நின்னா. எது எதோட சேரும்னு கேக்க ஆயிரம் பேர் வருவாங்க. எது எதோட சேராதுன்னு கேட்டவ இவ ஒருத்திதான். போர்டுக்குச் சேராத பிராசஸர் எது, ராம் எது, பெட்டிக்குள்ள போகாத கார்டு எதுன்னு. ஏதோ ஸ்கூல் புராஜெக்ட்டுன்னு நெனச்சு சொன்னேன். புத்திசாலி சார், பெரிய ஆளா வருவா.”

அதற்குப் பிறகு கடையில் நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. மூவரும் வெளியே நடைபாதைக்கு வந்தார்கள். யாரோ பிழிந்து போட்ட கரும்புச் சக்கைபோல் அந்த மத்தியானம் கிடந்தது.

அப்பா தன் வேலைக் குரலில் கேட்டார். “யார் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல. நானாதான்.”

“பட்டு. உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களா?”

“நானா?” என்றார் அம்மா. “எனக்கு என்ன தலையெழுத்து? பையில கண்ணாடியை வெச்சுக்கிட்டு என்கிட்ட கை நீட்டினது யாரு? பாக்கலன்னு நெனச்சீங்களா? பிள்ளையை ஏவிவிட்டு நான் திரும்பி வருவேன்னு...”

“சர்க்கரை இல்லாத டீயைத் தேடித் தேடித் தள்ளினது நானா?”

“நானாதான் கேட்டேன்” என்றாள் சிறுமி. “நீங்க ரெண்டு பேரும் மறுபடி வரணும்னு. மாட்டி முடிச்சுட்டா போயிடுவீங்க இல்ல?”

“இந்த வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தானா தோணாது” என்றார் அப்பா.

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றார் அம்மா.

அந்த ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் பூரண உடன்பாடு இருந்தது. அன்று அம்மா மகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். ரோஸ் கண்ணாடி அப்பாவின் காரிலேயே கிடந்தது. அதைப் பிறகு மத்தியஸ்தர்தான் உறைபோட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தீர்ப்பையும் அவரே சொன்னார். “பிரச்சினைக்கு மூலகாரணம் பகிர்வு. ஆகவே இனிமே பகிர்வு வேண்டாம். அவங்கவங்க வாங்கினதை அவங்கவங்க வெச்சுக்கட்டும். மிச்சத்தைப் பொருத்தமாப் பாத்து வாங்கி, கடையிலயே மாட்டி எடுத்துக்கட்டும். தரப்புக்கு ஒண்ணு.”

கடைக்காரர் இரண்டையும் ஒரே மாலையில் மாட்டி முடித்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார். எதுவும் எதோடும் இடிக்கவில்லை. அப்பாவின் வீட்டில் இருப்பது கண்ணாடிக் கதவுக்குள் வண்ணமாகச் சுழல்கிறது. அம்மாவின் வீட்டில் இருப்பதன்மேல் ‘படிப்பு முடிந்த பிறகு மட்டும்’ என்று லேபிள் ஒட்டியிருக்கிறது.

சிறுமி பழையபடி பஸ்ஸில் போய் வருகிறாள். செய்திகளையும் எடுத்துப் போகிறாள். ஆனால் வழியில் திருத்துவதில்லை. “ஸ்வெட்டரை நான் மென்னு தின்னலன்னு அப்பா சொன்னாரு” என்கிறாள். “உங்க சவகாசமே வேண்டாம்னு அம்மா சொன்னாங்க” என்கிறாள். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள். இரு தரப்பினரும் இப்போதுதான் ஒருவரை ஒருவர் சரியாகத் தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

மத்தியஸ்தர் இந்த வெற்றியைப் போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறார். ஒரு பிள்ளைக்கு இரண்டு கேமிங் கம்ப்யூட்டர், எந்த வீட்டில் உண்டு என்கிறார். ஒரு நாள் அத்தை குறுக்கே கேட்டார்.

“அது இருக்கட்டும், அப்படி என்ன கேம்தான் ஆடறா அவ?”

மத்தியஸ்தர் கொஞ்சம் யோசித்தார். “எல்லாமே ஆடுவா” என்றார்.

சிறுமிக்கு கேம் ஆடத் தெரியாது.